தன்மைப் பன்மை

திங்கள் காலை மொழியியல்.
அதே கட்டடத்தில் ஒரு மாடி கீழே
பதினொரு மணிக்கு இந்தோனேசிய மொழி.
இடையில் பத்து நிமிடம்.
கன்பெராவின் மே மாதக் குளிரில்
கொக்கட்டூக்கள் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு
எங்களைப் பார்த்து ஏசும்.

மேல்மாடியில் மொழி, வெட்டி வைத்த தவளை.
கீழ்மாடியில் அது பாய்ந்து போய்விடுகிறது.

ஆசைப்பட்டு எடுத்ததில்லை.
படிவத்தில் அந்நிய மொழி ஒன்று கட்டாயம் என்றிருந்தது.
ஜப்பானியம் நிரம்பிவிட்டது.
ஜெர்மன் வெள்ளி பின்னேரம்,
வெள்ளி பின்னேரம் எனக்கு சூப்பர் மார்க்கெட்டில் வேலை.
மிஞ்சியது இது.

மூன்றாம் வாரம் சில சொற்கள் பிடிபட்டன.
கப்பல் அங்கே கப்பால்.
கடை, கெடாய்.
பெட்டி, பெத்தி.
டெக்லன் அவற்றை அட்டைகளில் எழுதி மனனம் செய்தான்.
நான் சும்மா இருந்தேன்,
எப்போதோ கொடுத்த கடன் வட்டியோடு திரும்பி வந்ததுபோல.

பிறகு வந்தன கித்தா, காமி.
இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்.
கேட்பவரையும் சேர்த்தால் கித்தா,
கேட்பவரை வெளியே நிறுத்தினால் காமி.
நாம், நாங்கள். இதற்கென்ன படிப்பு என்று
பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

வாய்மொழித் தேர்வு.
மேசைக்கு அப்பால் இபு வுர்யானி,
கழுத்தில் கம்பளிச் சால்வை, கையில் இஞ்சித் தேநீர்.
"வீட்டைப் பற்றிச் சொல்."
கித்தா சிட்னியில் இருக்கிறோம் என்றேன்.
கித்தா நாலு பேர்.
கித்தா ஒரு பூனை வளர்க்கிறோம்.
அவர் குவளையைக் கீழே வைத்தார்.
"அப்படியா, நானும் அங்கேதான் இருக்கிறேனா?
என் அறை எது?"

டெக்லனுக்கு எண்பத்தெட்டு.
எனக்கு அறுபத்தொன்று.

பஸ்ஸில் பழியை ஆங்கிலத்தின்மேல் போட்டேன்.
தமிழிலிருந்து நேரே போகாமல்
அதன் வழியாகப் போனதால்
பாதிச் சாமான் சுங்கத்தில் பறிபோய்விட்டது.

மறு திங்கள், மேல்மாடியில், முனைவர் ஹாலொரன்
திரையில் தமிழையே எடுத்துக்காட்டாய்ப் போட்டார்.
கேட்பவரை உளப்படுத்தும் பன்மை, உளப்படுத்தாப் பன்மை.
"இது உன் மொழிதானே, நிரோஜினி?"
முப்பது தலைகள் திரும்பின.
தலையாட்டினேன்.

அன்றிரவு அம்மாவின் அழைப்பு.
"நாங்கள் வீடு மாறப் போறம்."
கையில் பேனை இருந்தது.
சொல்லுக்குச் சொல் கீழே விளக்கம் எழுதுவது பழகிப்போயிற்று:
நாங்கள். தன்மை, பன்மை, கேட்பவர் நீங்கலாக.
கேட்பவர் நான்.

எவ்வளவு நேரம் பேசாமலிருந்தேனோ,
"லைன் கட்டாயிட்டுதோ?" என்றார்.
"நாங்கள் எண்டால் ஆரம்மா?"
"இதென்ன கேள்வி. நாங்கள்தான். நீயும்தான்."
"அப்ப நாம் எண்டு சொல்லியிருக்கலாமே."
"நாம் எண்டு ஆர் கதைக்கிறது," சிரித்தார், "ராசாவோ?"

எண்ணிப் பார்த்தேன்.
பருத்தித்துறையிலிருந்து வந்த எங்கள் வாய்களில்
அந்தச் சொல் இருந்ததே இல்லை.
கடைக்குப் போவதும் நாங்கள்,
கோபித்துக்கொண்டு போவதும் நாங்கள்.
கேட்பவர் உள்ளே நிற்கிறாரா வெளியேயா என்று
முகத்தைப் பார்த்தே முடிவு செய்திருக்கிறோம்.
தொலைபேசியில் முகம் இல்லை.

ஆங்கிலத்திடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.
ஹாலொரனுக்கு மின்னஞ்சல் எழுதத் தொடங்கி
"எங்கள் வீட்டில்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

"புது யூனிட்டில எத்தனை அறை?"
"ரெண்டு."
ஒன்று அவர்களுக்கு.
ஒன்று பன்னிரண்டாம் வகுப்புத் தம்பிக்கு.
"உன்ர புத்தகங்களப் பெட்டியில போட்டு கராஜில வைக்கிறன்.
நீ வந்தா ஹோலில சோபா இருக்கு, விரிச்சாக் கட்டில்."

பெத்தி, என்று தாளின் ஓரத்தில் எழுதினேன்.

என் அறை எது என்று கேட்கவில்லை.
பூனை எங்கே படுக்கும் என்று கேட்டேன்.
"அது எங்களோடதான்," என்றார் அம்மா.