துவிபாசி

முல்லைத்தீவுக் கோடு பழைய உப்புக் கிட்டங்கி.
சுண்ணாம்பு பூசி மூன்று மாரி போகவில்லை,
அதற்குள் சுவரில் உப்புப் பூத்து
துரையின் கறுப்பு அங்கியில் ஒட்டுகிறது.

நான் துவிபாசி. துரையின் வாயும் நான்தான்,
கூண்டில் நிற்பவரின் வாயும் நான்தான்.
மாதம் பிறந்தால் ஒரு வாய்க்குத்தான் சம்பளம்.

அன்றைக்கு வேலாத்தை.
விளாமோட்டையிலிருந்து இரண்டு பகல் நடந்து,
கரடிக்குப் பயந்து இடையில் ஓர் இரவு
பாலை மரத்தில் குந்தியிருந்து வந்தவள்.
முழங்கால்வரை காய்ந்த களி.

"குளக்கட்டு உடைஞ்சு போச்சு ஐயா.
முந்தியெண்டால் வீட்டுக்கு ஓராள் வந்து மண் போடும்.
வராட்டி உடையார் ஆள் விட்டு
எருமையை அவிட்டுக்கொண்டு போவார்.
இந்த வரியம் பூதனும் வரேல்லை, கதிரித்தம்பியும் வரேல்லை.
கேட்டால், கோறணமேந்து எங்களை விட்டிட்டுது எண்டினம்.
வயல் முழுக்க இப்ப மணல்."

துரை நல்ல மனிதர். காய்ச்சலோடும் கோட்டுக்கு வருவார்.
தேசாதிபதியின் பிரசித்தத்தை விரித்து வாசித்தார்:
இனி எவனையும் இராசகாரியத்துக்கு இழுக்க முடியாது.
கூலியில்லா வேலை ஒழிந்தது.
உடையாரும் குடியானவனும் சட்டத்தின் முன் ஒரே தரம்.

அதைத் தமிழில் சொல்லும்போது
என் குரல் சற்று உயர்ந்தது, மறைக்கவில்லை.
கோட்டைக்குக் கல் சுமந்து
ஒரு தோள் இறங்கிப்போனவர் என் தகப்பன்.
அந்தக் கடுதாசி அவருக்கு இருபது வருசம் பிந்தி வந்தது.

வேலாத்தை முழுவதையும் கேட்டாள்.
முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.
"நல்லது ஐயா. உடையாற்றை தடி போனது நல்லதுதான்.
அப்ப கட்டுக்கு மண் போடுறது ஆர்?
அதிலை எழுதிக் கிடக்கோ?"

கடுதாசியைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கத்தில் மை ஊறிய நிழல் மட்டும்.

என்ன சொல்கிறாள், என்றார் துரை.
ஆறேழு சொல்லில் அடங்கிவிடும் கேள்வி.
"தீர்ப்பு விளங்கிவிட்டதாம்," என்றேன்.

முத்திரைக் கடுதாசிக்கு அவள் கட்டின காசு
இன்னும் மேசையில் கிடந்தது.
அதில் ஒன்று துளை விழுந்தது,
ஏதோ ஒரு பிள்ளையின் அரைஞாணில் கிடந்திருக்க வேண்டும்.
எழுத்தர் அதை மட்டும் விரலால் தள்ளி வைத்தார்.

அடுத்த பேரைக் கூப்பிட்டார்கள். மாட்டு வழக்கு.
அவள் நின்ற இடத்தில் களி உதிர்ந்திருந்தது.
சேவகன் ஈர்க்குமாற்றோடு வந்தான்.
பிறகு கூட்டலாம், என்றேன்.