நாற்பத்தெட்டும் பன்னிரண்டும்

மத்திய வீதியில் என் கடை, மூன்றடி அகலம்.
திருகாணிகள் பறக்காமலிருக்க
மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் போன் கழற்றுவேன்.
அந்த வியர்வை நேரத்தில் மூதூர் லாபீர் வந்தார்.
“நாற்பத்தெட்டு மெகாபிக்சல் எண்டுதானே வித்தீங்க?
படம் பன்னிரண்டிலதான் விழுது.
மிச்சத்தை ஆர் எடுத்த?”

மிச்சம் எங்கும் போகவில்லை, நானா.
உங்கள் சுண்டுவிரல் நகத்தளவு சில்லு,
அதில் நாலு கோடியே எண்பது இலட்சம் குழிகள்.
வெளிச்சம் விழ விழ மின்னேற்றம் ஊறும்;
பகலில் தளும்பும்,
இரவில் அடி நனைவதே பெரிது.
அண்டை அயலாய் நாலு குழிக்கு
ஒரே நிறத்தில் மூடி:
நாலும் பச்சை, இல்லை நாலும் சிவப்பு, நாலும் நீலம்.
இருட்டிவிட்டால் நாலையும் ஒன்றாய் ஊற்றி
ஒரே தரம் அளக்கும்.

ஏன் ஒரே தரம்?
நான் வாயெடுக்குமுன் அவரே சொன்னார்:
“தராசு முள் ஆடும்தானே.
நெத்தலியைப் பிடி பிடியா நாலு தரம் நிறுத்தா
நாலு ஆட்டம்.
கூட்டிப் போட்டா ஒரு ஆட்டம்.”

அதேதான்.

பிறகுதான் படத்தைத் திறந்தார்.
போன வெள்ளி, பின்னிரவு, கொட்டியாரக் குடா.
நிலவில்லை. அவருடைய வலையை ஆரோ அறுக்க
எஞ்சினை அணைத்து, மிதந்து போய் எடுத்தது.
கறுத்துக் கிடந்திருக்க வேண்டிய கடல்
ஈரத் தார்போல் சாம்பல் பூத்திருந்தது.
ஒரு வள்ளம். ஒருவன். தோளில் கயிறு.
“இலக்கத்தைப் பெருசாக்கித் தாங்க பிள்ள,
கடைசி எழுத்து மூண்டா எட்டா?
பொலிசில சொல்லணும்.”

பெருப்பித்தேன்.
வெள்ளைப் பூச்சில் கறுப்பாய் ஒரு கசிவு.
மூன்றின் வாய் மூடிக்கொண்டதோ
எட்டின் இடுப்பு கரைந்ததோ.
குழிகள் தனித்தனியே பேசியிருந்தால் ஒருவேளை…
அப்படிப் பேசியிருந்தால்
உளுந்து சிந்தியது மாதிரிப் புள்ளிதான்,
வள்ளமே இருந்திராது.
“பங்கு பிரிக்க முதலே தட்டில கலந்த மீன், நானா.”

அவருக்கு அது விளங்கியது.
போனை வாங்கி, விரல்களைக் கூட்டி
படத்தைச் சின்னதாக்கினார். இன்னும் சின்னதாக.
கை நீட்டத்துக்குத் தள்ளிப் பிடித்தார்.
இடது காலை அணியத்தில் ஊன்றி
வலது முழங்காலை வெளியே வளைத்து நிற்கும் நிலை.
தபாலட்டை அளவில் தெரியாதது
தீப்பெட்டி அளவில் தெரிந்துவிட்டது அவருக்கு.

வெளியே ஒரு புள்ளிமான்
வாழைப்பழக் கடையின் குப்பைப் பெட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தது.
ஆட்டோக்காரன் அடித்த ஹோனுக்கு அது அசையவில்லை.

“இலக்கம் வேணாம்,” என்றார்.
“போன கிழமைதான் எங்கட வீட்டில சாப்பிட்டவன்.”
அழி என்று நீட்டினார்.
அழித்தேன். அழித்தாலும் குப்பைத்தொட்டியில்
முப்பது நாள் கிடக்கும், தேவையென்றால்
திரும்ப எடுக்கலாம் என்றேன்.

“முப்பது நாள் காணும்.”

மின்விசிறியை நானே போட்டேன்.
மூதூர் பஸ் போனபிறகும் அவர் நின்றார்,
இருண்ட திரையில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு.