நாலரை மீட்டர்

தார்ச்சாலை முடிகிற இடத்தில்
நான்கு டயர்களிலும் காற்றைப் பாதி இறக்கினார் கவுலாத்தே.
மணலுக்கு விறைப்பு பிடிக்காதாம்.
என் மடியில் வாடகை லென்ஸ்,
அதன் மூன்று நாள் கூலி
பிரான்சிஸ்டவுனில் என் அறையின் ஒரு மாதம்.
ஜன்னலில் அதைச் சாய்த்து வைக்கத்
தலையணை உறையில் சோளம் நிரப்பி வந்திருந்தேன்.
பசித்தால் பொங்கிவிடலாம் என்றார்.
நான் சிரிக்கவில்லை.
அது முதல் நாள். அப்போது எனக்குப் புகழ் தேவைப்பட்டது.

சவூட்டியில் சிங்கம் கொட்டாவி விட்டது.
ஒன்பது வண்டிகள் அந்த ஒரே கொட்டாவியைச்
சடசடவென்று பங்கு போட்டுக்கொண்டன.
ஒன்பதிலும் அதே பற்கள் இருக்கும்,
அதே ஈ.
சிறுத்தை என்று என்னிடம் இருப்பது
ஒரு வாலும் நிறையப் புல்லும்.
காட்டுநாய்கள் பன்னிரண்டும்
கொடியிலிருந்து விழுந்த துணிகளாய்
முள்மர நிழலில் கிடந்தன, மூன்று மணி நேரம்.
எழுந்தபோது நான் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன்.

இரவில் கழுதைப்புலி
என் இடது காலணியைக் கவ்விக்கொண்டு போனது.
காலையில் அதன் தடத்தை எடுத்தேன்,
நகம் நகமாய்த் தெளிவாக வந்தது.
காலணி வரவில்லை.

அக்டோபர்.
எங்கள் நாட்டில் மழைக்கும் பணத்துக்கும் ஒரே பெயர், பூலா.
இரண்டும் கையில் இல்லாத மாதம்.

திரும்பும் வழியில் கால்நடைத் துறையின் வேலி.
சோடாத் தண்ணீரில் ஊறிய சாக்கை
ஒற்றைக் காலணியும் கவுலாத்தேயின் ஒற்றைச் செருப்புமாக
மிதித்துக் கடந்தேன்.
அதிகாரி செலோகா ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தாள்.
பச்சைக் கறி தெற்கே போகக் கூடாது. கோமாரி.
வெந்தால்?
வெந்தால் போகலாம்.
கவுலாத்தே அங்கேயே,
கேட்டுக்கு இருபது அடி தள்ளி,
சுள்ளி பொறுக்கித் தீ மூட்டினார்.

அரைக் கிலோ ஆட்டுக்கறிக்காக
என் கடைசி மாலை வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.
முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டிக்குள் இருந்தேன்.
தட்டோடு வந்து ஸ்டியரிங் பக்கம் ஏறினார்.
விரல் சுட, பேசாமல் தின்றோம்.
உப்பு கூட.

அது வந்த சத்தம் கேட்கவில்லை.
செலோகா தன் கொட்டகைக் கதவைப் படாரென்று சாத்தினாள்,
அதுதான் எனக்குத் தகவல்.
திரும்பினால் ஜன்னல் அடைபட்டிருந்தது.
கவுலாத்தேக்கு யானைதான் குலச்சின்னம்.
தெருவில் மாமனாரைக் கண்டவர்போல்
தொப்பியைக் கழற்றி
கறித்தட்டைக் காலடியில் ஒளித்து
குலப்பெயரை மெல்லச் சொல்லி
நலமா என்றார்.

நான் லென்ஸைத் திருப்பினேன்.
முன்னும் பின்னும் முனகியது, எதையும் பிடிக்கவில்லை.
நாலரை மீட்டருக்கு இப்பால் இருக்கிற எதுவும்
அதற்குத் தெரியாது.
கையேட்டிலேயே போட்டிருக்கிறது.
இருந்தும் அழுத்தினேன், ஒரே ஒரு முறை.

ஒரு காது கடைசி வெயிலைப் புடைத்தது.
துதிக்கை சோளத் தலையணையை மோந்தது,
பிறகு என் முழங்கையை.
ஈரம். புளித்த இலை வாசம்.
பிறகு ஜன்னல் நிறைய
மறுபடி வேலி.

கபரோனில் பத்திரிகை ஆசிரியர்
சிங்கத்தின் கொட்டாவியை எடுத்துக்கொண்டார்.
இது என்ன, கை தவறிவிட்டதா என்றார்.
ஓரம் முதல் ஓரம் வரை சாம்பல்,
கீழ் மூலையில் கொஞ்சம் கறுப்பு.

கவுலாத்தே கேட்டு வாங்கிக்கொண்டது
அதை மட்டும்தான்.
வண்டியின் வெயில்மறைப்பில் செருகி வைத்திருக்கிறார்.
போன வாரம் கசானேக்குப் போகிற ஒருவர்
உற்றுப் பார்த்துக் கேட்டாராம்,
எந்தப் பக்கத்து மேகம் இது, பெய்ததா?

இல்லை, என்றாராம் இவர்.
மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.