மற்றவை

பல் பிடுங்குவதை நிறுத்தச் சொன்ன சித்திரை.
துளைக்கும் கருவி தண்ணீரைத் தூவும்,
தூவியது காற்றில் நிற்கும்.
நாற்காலிக்குப் பாலிதீன் உறை மாட்டிவிட்டு
என்னைக் கோத்தகிரிப் பள்ளி மைதானத்துத்
தகரக் கொட்டகைக்கு அனுப்பினார்கள்,
குச்சி எடுக்க.

மூக்குக்கு ஒன்று, தொண்டைக்கு ஒன்று.
ஊரே வாயை மூடி நடந்த நாட்களில்
என் முன்னால் மட்டும் எல்லோரும் திறந்தார்கள்.

"ஆ சொல்லுங்க."

தொண்டையைத் தொட்டால் போதும் என்றார்கள்.
பதினோரு வருடப் பழக்கம்,
கண் வழியிலேயே இறங்கி நாக்கில் நின்றுவிடும்.
உறைபனி விழுந்த புல்தரை என்று எழுதியிருக்கலாம்.
நான் எழுதியது:
வெண்படலம், நடுவில், தேய்த்தும் போகவில்லை.

எழுதியதும் என் சொந்த நோட்டில்தான்.
படிவத்தில் காய்ச்சலுக்கு ஒரு கட்டம்,
இருமலுக்கு, மூச்சுக்கு, மணத்துக்கு, சுவைக்கு.
வாய்க்குக் கட்டம் இல்லை.
கடைசி வரியில் 'மற்றவை',
சுண்டுவிரல் நகம் அளவு இடம்.

ஐசக், மினி பஸ் கண்டக்டர்:
"விரலை நக்கித்தான் டிக்கெட் கிழிப்பேன் டாக்டர்.
நக்காதேன்னாங்க, விட்டேன்.
இப்ப நக்கினாலும் ஈரமில்ல."
ராசகாந்தி, டேன்டீ லயன்:
கீழுதட்டின் உள்ளே நான்கு புண்கள், துவரம்பருப்பு அளவு.
வெற்றிலைச் சுண்ணாம்பு பொத்திவிட்டது என்று
ஆறு நாள் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள்.

காய்ச்சல் வந்து போனால்
நாக்கு செத்துப்போச்சு என்போம்.
அந்த வாரம் நிஜமாகவே செத்தவர்கள்
மூன்றாவது வார்டிலிருந்து போய்க்கொண்டிருந்தார்கள்.
நாக்கைப் பற்றிப் பேச எல்லோருக்கும் கூச்சமாக இருந்தது.

ஆல்துரை கூசவில்லை, பயந்தார்.
நாக்கின் ஓரம் முழுக்கப் பல் பதிந்திருந்தது,
சோமாசி விளிம்பைப் போல.
வாயை மூடி, முகக்கவசத்தை ஏற்றி,
மேசைமேல் குனிந்தார்.
"சுவைன்னு இருக்கிற கட்டத்துல டிக் வேணாம்.
ஒரு நாளைக்கு இருநூறு கோப்பை
உறிஞ்சித் துப்புற வாய் இது.
வெளிய தெரிஞ்சா குன்னூர் ஏலத்துல எம் பேரு அவ்வளவுதான்."

டிக் அடித்தேனா என்று
இப்போதும் சொல்ல மாட்டேன்.

பிறகு எனக்கு.
அரவேணு குவார்ட்டர்ஸில் தனியாக.
பக்கத்து வீட்டு மிச்சி கேட்டில் தூக்குவாளி மாட்டிப் போவாள்.
அவரைக்கொட்டைக் குழம்பு.
சூடு இருந்தது, கொட்டையின் உருட்டல் இருந்தது,
தோல் பிதுங்கி மாவு வந்தது.
குழம்புதான் இல்லை.

செல்போன் டார்ச்சைப் பிடித்துக் கண்ணாடிக்கு முன்
"ஆ சொல்லுங்க" என்றேன், எனக்கு.
யாரும் இல்லாத அறையில் மரியாதைப் பன்மை.
நோட்டில் அடுத்த வரி:
பெண், முப்பத்தெட்டு, இடது கன்னத்தின் உட்புறம் புண், ஒன்று.

ஆறாம் நாள் இரவு ஆல்துரை அழைத்தார்.
வேலைக்குத் திரும்பிவிட்டாராம்.
"கலரைப் பார்க்கிறேன்,
கோப்பை விளிம்புல ஒட்டுற மஞ்சள் வளையத்தைப் பார்க்கிறேன்,
மார்க் போடுறேன்.
ஒருத்தருக்கும் தெரியல டாக்டர்."
வெகுநேரம் மழை மட்டும் கேட்டது,
அவர் பக்கமா என் பக்கமா, தெரியவில்லை.
"அதுதான் தூக்கம் வரல."

ஒன்பதாம் நாள்.
கஞ்சிக்கு எலுமிச்சை ஊறுகாய், வெறும் வழக்கத்துக்காக.
தோலை இடது பக்கம் ஒதுக்கிக் கடித்தேன்.
கண்ணில் நீர் வந்தது, மேசையைத் தட்டினேன்,
காது மடல் வரை சுரீர் என்றது.
புளிப்பு!
நாக்கு சொல்லவில்லை, புண் சொன்னது.

இன்னொரு துண்டு எடுத்து
அதே இடத்தில் வைத்தேன்.