நாலு ஸ்கொயர்

ஃப்ரிட்ஜ் கண்விழிக்கும்போதெல்லாம்
வயலினுக்குள் ஒரு ‘டப்’.
கீசர் போட்டால் பாடுகிறவருக்குத் தொண்டை கட்டும்.
மற்ற நேரத்தில்
ஸ்பீக்கருக்குள் ஒரு வண்டு,
பாட்டு முடிந்த பிறகும் போகாது.

வெலிங்டன் கேப்டன் ஒருவர்
மாற்றலாகிப் போகையில் விற்ற ஆம்ப்ளிஃபயர்.
கோளாறு அதில் இருக்கும் என்றுதான் நினைத்தேன்.
ஜோகி போர்டைத் திறந்து பார்த்தார்.
“ஒண்ணரை ஸ்கொயர்ல வீடு மொத்தமும் தொங்குது மேடம்.
இதுவும் போய்த் தொங்கினா முனகத்தான் செய்யும்.”

பாட்டுக்கு மட்டும் ஒரு தனி லைன்,
மெயினிலிருந்து நேராக,
வழியில் யாருக்கும் நிற்காமல்.
“இந்த வீட்ல எனக்கே அப்படி ஒண்ணு இல்லை”
என்றார் தர்மசீலன், சோபாவிலிருந்து.

குன்னூர் மார்க்கெட்டில் பீரான்குட்டி கடை.
ஒரு துண்டு நறுக்கி, தோலுரித்து,
நாளிதழ்மேல் விரித்து வைத்தார்.
முப்பத்தாறு இழை, ரெண்டரை.
ஐம்பத்தாறு இழை, நாலு.
எண்ணிப் பார்த்தேன்.
பத்தொன்பது வருடமாகப் பச்சை இலை எடைக் கணக்கு எழுதுகிறவள்.
ஐம்பத்தைந்து வந்தது.
மறுபடி எண்ணுகையில்தான் தெரிந்தது
ஒன்று என் விரல் நுனியில் ஒட்டியிருந்தது.

“உங்க பெட்டிக்கு ரெண்டரையே தாராளம்.”
“அப்ப நாலு எதுக்கு?”
“மனசுக்கு.”
சிவப்பு, கறுப்பு, பச்சை, பதினாலு பதினாலு மீட்டர்.
மனசுக்கு மீட்டருக்கு இருபத்தெட்டு ரூபாய் கூட.
கொடுத்தேன்.
மழையில் நனையாமல் மடியில் வைத்துக்கொண்டு
கோத்தகிரி பஸ்ஸில் வந்தேன்.

வீட்டுக்குப் பின்னால்
நீல ஹைட்ராஞ்சியாவை ஒட்டி எர்த் குழி.
கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு.
“ஈரம் மட்டும் காயக் கூடாது” என்றார் ஜோகி.
அவர் தொப்பியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

அன்றிரவு வண்டு இல்லை.
ஆனால் குரல் ஏனோ மெலிந்து,
தூரத்து அறையிலிருந்து வருவதுபோல.
ஜோகி மீட்டரை வைத்தார். நூற்றுத் தொண்ணூற்று நாலு.
“வயர் என் பொறுப்பு.
கம்பத்துக்கு அந்தப் பக்கம் உங்க ஃபேக்டரி.”

ஒரே டிரான்ஸ்ஃபார்மர்.
பகலில் நான் எழுதும் இலையை வாட்டுவதற்கு
அந்தியிலிருந்து விடியும்வரை ஓடும் விசிறிகள்.
ஜோகியின் அரை ஏக்கர் இலையும் அதில்தான் வாடுகிறது.
நாலு ஸ்கொயர் என்ன செய்யும்.

பிப்ரவரியில் உறைபனி கொழுந்தைக் கருக்கியது.
மிஞ்சிய இலைக்கு விலை
பறிக்கும் கூலிக்குக் காணவில்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை ஃபேக்டரி நின்றது.

அன்று மாலை இருநூற்று முப்பத்தொன்று.

வில் திரும்பும் இடம் கேட்டது.
பாடுகிறவர் மூச்சிழுப்பதும்,
பின்வரிசையில் யாரோ காகிதம் புரட்டுவதும்.
தர்மசீலன் டிவியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.
புதன் இருநூற்று முப்பத்திரண்டு.
வியாழன் முப்பத்தொன்று.
எடை நோட்டில் எழுத வேறொன்றும் இல்லை,
கிலோ கட்டத்தில் இதை எழுதி வைத்தேன்.

வெள்ளி இரவு ஜோகி போன் செய்தார்.
“லைன் எப்படி மேடம்?”
“ரொம்ப நல்லா இருக்கு, ஜோகி.”
அதன் பிறகு கொஞ்ச நேரம்
அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.
வயலின் மட்டும்
போனுக்குள் போய்க்கொண்டிருந்தது.

மூன்று வாரம் கழித்து, பாதிப் பாட்டில்,
குரல் ஒரு படி இறங்கியது.
இருநூற்று ஐந்து.
தர்மசீலன் எழுந்து ஜன்னலைத் திறந்தார்.
அரவேணுப் பக்கமிருந்து
வாடும் இலையின் வாசனை, இன்னும் லேசாக.

வால்யூமைக் கொஞ்சம் கூட்டினேன்.
நோட்டில் அந்த மூன்று எண்களை அடித்துவிட்டு
திங்கட்கிழமைக்குக் கோடு போட்டேன்.