கசெற் சிக்கிய இடம்

மாங்குளத்தில் இருந்து டெக்கும் ரிவியும்
பசளைச் சாக்கால் சுற்றப்பட்டு
லான்மாஸ்ரர் பெட்டியில், வைக்கோலுக்கு மேல்
குழந்தைப்பிள்ளை மாதிரி வந்து சேர்ந்தன.
தலைக்கு இரண்டு ரூபா, மண்ணெண்ணெய்க் காசு.
யோகபுரம் முழுக்க வாசிகசாலை முற்றத்தில்.

படம் இங்கிலீசு.
மாஸ்ரரின் மகன் இளங்குமரன் கதை சொன்னான்.
அவனுக்கும் எங்களளவு இங்கிலீசுதான் என்பது
பிறகுதான் தெரிந்தது.
"உந்தப் பழைய மணிக்கூட்டைத் தொட்டதால
தேப்பன் மகனாயிட்டான்,
மகன் தேப்பனாயிட்டான்."
"அதெப்பிடி?" என்றா புனிதமக்கா.
"அமெரிக்கா" என்றான்.
அதற்குமேல் ஒருத்தரும் கேட்கவில்லை.

கோட்டுப் போட்ட பெரிய மனிசன்
கந்தோர் மேசைக்குக் கீழே சுயிங்கம் ஒட்டினான்,
மாடிப்படிக் கைபிடியில் சறுக்கினான்.
பதினைந்து வயதுப் பெடியன்
காலுக்குமேல் கால் போட்டு
வகுப்பு வாத்தியாரிடம்
"உமக்குச் சம்பளம் எவ்வளவு?" என்றான்.

பின்னால் ஒரு சிரிப்பு வெடித்தது.
திரும்பினால், சைக்கிளில் சாய்ந்தபடி அப்பா.
அவருக்கு மேல்வரிசையில் ஒரு கடைவாய்ப் பல் இல்லை.
அன்றைக்குத்தான் கண்டேன்.

இரண்டு பேரும் மழைக்குள்
மணிக்கூட்டைத் தேடி ஓடுகிற நேரம்
டெக் கசெற்றைக் கடித்தது.
நாடா குடல்போல வெளியே வந்தது.
"முடிவு?"
"திரும்ப மாறியிருப்பினம்" என்றான் இளங்குமரன்.
அன்றிரவு அவன் சொன்னதில்
அதை மட்டும் ஒருத்தரும் நம்பவில்லை.

அந்த வருசம்
வவுனிக்குளத்து வாய்க்காலில் தண்ணி வரவில்லை.
கதிர் பால்பிடிக்க முன்னமே கருகிற்று.
என் தொண்டையிலோ இரண்டு பேர் குடியிருந்தார்கள்.
"அம்மா" என்று தொடங்கினால் ஆட்டுக்குட்டி,
"தண்ணி" என்று முடிக்கையில் எருமை.
தங்கச்சி அதற்கென்றே
என்னைக் கேள்வி கேட்டுக்கொண்டு திரிந்தாள்.

ஒருநாள் இருட்டினபிறகு
படலையில் ரோர்ச் வெளிச்சம்.
பசளைக்கடை நாகேந்திரம். மூன்றாவது தரம்.
அப்பா குசினிப் பக்கத்தால் இறங்கிப் போய்
கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் குந்தினார்,
வீட்டுவேலை செய்யாமல் வந்த பெடியன்
மாஸ்ரரைக் கண்டு குந்துகிற குந்து.
அம்மா விளக்கைத் தணித்தா.
பிறகு என்னைப் பார்த்தா.

"கதிரேசு, நிக்கிறியோ?"

நான் முதலில் இருமினேன்.
அப்பாவின் இருமல்: சின்னது இரண்டு, பெரிது ஒன்று.
"நிக்கிறன் அண்ணை. காய்ச்சல். எழும்பேலாது.
அடுத்த போகம் மட்டும் பொறுங்கோ."
எருமை நழுவி ஆட்டுக்குட்டி ஆகிவிடாமல்
கால்விரல்களால் நிலத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

வெளிச்சம் வேலியில் அசையாமல் நின்றது.
"பெடியன் படிக்கிறானோ?"
"படிக்கிறான்."
"அவனை மறிச்சு வயலுக்கை இழுத்துப்போடாதை, கதிரேசு."
"இல்லையண்ணை."
"சத்தியமா?"
கிணற்றடியில் வாளி ஒன்று உருண்டது.
"சத்தியமா" என்றேன்.

அவர் சைக்கிளைத் திருப்பும்போது சிரித்தாரா,
செருமினாரா, இன்றுவரை தெரியாது.

அப்பா முழங்காலில் சேற்றோடு வந்தார்.
செம்புத் தண்ணி முழுவதையும் குடித்தார்.
போன கிழமைதான் சொல்லியிருந்தார்,
தையோடு பள்ளிக்கூடம் காணும் என்று.
அதைப்பற்றி ஒன்றும் கதைக்கவில்லை.
பாயை உதறி விரித்தார். படுத்தார்.
கனநேரத்துக்குப் பிறகு,
"தவசீலன், உந்தப் படத்தில
கடைசியா மாறினவையோ?"
"கசெற் சிக்கிற்றெல்லோ, அப்பா."

கூரைக்கு மேல் பாலைமரம் ஒரு காயைப் போட்டது.

"அப்ப அந்தப் பெடியன்
இப்பவும் கடன் கட்டிக்கொண்டிருப்பான்."

இருட்டுக்குள் சிரிப்பு ஒன்று எழும்பி
தலையணையில் அமுங்கிற்று.
தங்கச்சி அரைத்தூக்கத்தில் கேட்டாள்,
"இப்ப சிரிச்சது ஆர்?"