மூன்று மணி நேரக் கடன்

மருந்தியல், எட்டாம் பதிப்பு.
இரண்டு பிரதிகள் என்கிறது கணினி.
ஒன்று என் மேசைக்குப் பின்னால்,
முதுகு கிழிந்து, நாடா ஒட்டி.
மற்றது மார்ச்சிலிருந்து
எங்கேயோ இருக்கிறது.

டர்பனின் மேற்கு மேட்டில் எங்கள் நூலகம்.
மாலை நான்குக்கு வந்து நடுநிசியில் போகிறவள் நான்,
சவுந்தரி மூட்லி, கடன் மேசை.
ஜன்னலைத் திறந்து வைத்தால் குரங்குகள் வந்து
ரொட்டியைத் தூக்கிப் போகும்.
ஒருமுறை ஒருத்தனின் ஆய்வேட்டையும்.
முதல் அதிகாரம் இன்னமும் மரத்தில் இருக்கிறது.

தேர்வு மாதம் ஐந்து மணிக்கே வரிசை.
மூன்று மணி நேரம், அதற்குள் திருப்பணும்,
தாமதமானால் மணிக்குப் பத்து ராண்டு:
சொல்லிச் சொல்லி எனக்கே வாய் புளித்த வாசகம்.
கடையில் வாங்கினால் ஆயிரத்து எண்ணூறு.
அந்தக் காசுக்கு எத்தனை மாத அரிசி என்று
வரிசையில் நின்றே ஒருத்தி கணக்குப் போட்டாள்,
மருந்தளவு எண்ணுகிற அதே விரல்களால்.

மே பதினான்கு, மின்வெட்டு. எட்டு முதல் பத்தரை.
ஜெனரேட்டருக்கு இரண்டாம் மாடிவரைதான் தெம்பு.
மேலே இருந்தவர்கள் எல்லாம்
மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு
இறங்கி வந்தார்கள், வெள்ளத்துக்குத் தப்பியவர்களைப் போல.
யாராவது தூங்கிவிட்டார்களா என்று
டார்ச்சோடு ஏறினேன்.

மூன்றாம் மாடி, கடைசி மூலை, தமிழ் அலமாரி.
தமிழ்த்துறை இருந்த நாளில் வாங்கியவை.
என் தமிழ் சனிக்கிழமைக் கோயில் பள்ளித் தமிழ்;
எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன்,
ழகரம் வந்தால் நின்று மூச்சு வாங்குவேன்.
அங்கே ஓர் இலக்கணப் புத்தகம் மட்டும்
வரிசையைவிட்டு அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது.
இருபது வருஷத் தொழில், கை சும்மா இருக்குமா?
உள்ளே தள்ளினேன். போகவில்லை.
பின்னால்
மருந்தியல், எட்டாம் பதிப்பு.

யாரும் வராத இடம் என்று
யாரோ சரியாகத்தான் கணித்திருக்கிறார்கள்.

நடுவே ஒரு துண்டுச் சீட்டு.
பக்க எண்கள், பீட்டா தடுப்பான்கள்,
பெட்ரோல் பங்க் ஷிஃப்ட்: வெள்ளி, சனி, ஞாயிறு.
வாலைச் சுழிக்கும் அந்த ஒன்பது
எனக்குத் தெரியும்.
தினம் என் பேரேட்டில் மாணவர் எண் எழுதுகிற ஒன்பது.
நொக்வாண்டா.

விதிப்படி ஐந்நூறு ராண்டு, துறைக்கு ஒரு கடிதம்.
அன்புள்ள என்று தொடங்கினேன், அடித்தேன்.
அவளுக்கு வேண்டியிருந்தது புத்தகம் இல்லை,
ராத்திரி.
அதையும் கொடுக்கிறது எங்கள் விதியின் பதினோராவது வரி:
மூடும்போது மேசையில் மிஞ்சுவதைக்
கொண்டுபோய்க் காலை எட்டுக்குள் தரலாம்.
அந்த வரியை நாங்கள் எங்கும் ஒட்டியதில்லை.
சுவரில் இடமில்லை, அது இது என்று காரணங்கள்.

புத்தகத்தை எடுத்துவிட்டு
இருந்த இடத்தில் ஒரு காகிதம் வைத்தேன்:
இரண்டு பிரதியும் கீழே.
நடுநிசிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் வா.
பையில் இடம் வைத்துக்கொள்.

வியாழன் வந்தாள்.
என் முகத்தைப் பார்க்கவில்லை, முத்திரையையே பார்த்தாள்.
நானும் தேதியைக் குத்தினேன்,
கொஞ்சம் அதிகமாகவே அழுத்தி.
எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் திரும்பியது என்றான்
காலை ஷிஃப்ட் விரேஷ்.
நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு சொட்டு மெழுகு.
அதற்கும் அபராதம் உண்டு.
பார்க்காத மாதிரி மூடினேன்.

அக்டோபரில் வேலை விண்ணப்பம் அச்சடிக்க வந்தாள்.
ஆஸ்பத்திரி மருந்தகம், ஒரு வருஷப் பயிற்சி.
அச்சுப்பொறி சிக்கி, தாளை நான்தான் உருவினேன்.
பரிந்துரைப்பவர் கட்டத்தில் என் பெயர்,
ஓர் எழுத்து பிழையோடு.
உறவு என்ற இடத்தில்: மேசை.

பதினோராவது வரி இப்போது வாசலில்
கொட்டை எழுத்தில் இருக்கிறது.
யார் வாசிக்கிறார்கள்?
நேற்று மூன்றாம் மாடியில்
அதே இலக்கணம், அதே அரை அங்குலம்.
பின்னால் வரிச்சட்டம், நாலாம் பதிப்பு.
இது வேறு கை, ஏழுக்குக் குறுக்கே கோடு போடுகிற கை.
காகிதம் எடுக்கக்
கீழே இறங்கினேன்.